பவுண்டன் புல்லும் சிவப்புக் கீரையும் ஒரே பாத்தியில்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைக்கும் புற்களில் எனக்கு மிகவும் பிடித்தது பவுண்டன் கிராஸ். ஊதா கலந்த சிவப்பு இலை, நரிவால் மாதிரி வளைந்து தொங்கும் கதிர், மூன்று முதல் ஐந்தடி உயரம். அதற்குப் பக்கத்தில் சிவத்த முளைக்கீரை ஒரு பாத்தி விதைத்தால் முற்றமும் வடிவாக இருக்கும், சட்டிக்கும் கீரை கிடைக்கும். வளவு சிறியதாகப் போன இந்தக் காலத்தில் பூமரத்துக்கு ஓர் இடம், மரக்கறிக்கு வேறோர் இடம் என்று பிரித்து வைக்க எல்லோராலும் முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்து வளர்ப்பதை நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

பிரச்சினை வருவது பராமரிப்பில்தான். ஒரே பாத்தி என்பதால் ஒரே தண்ணீர், ஒரே எரு, ஒரே மருந்து என்று இரண்டுக்கும் சமமாகப் பார்க்கிறோம். ஆனால் இரண்டும் அமைப்பிலேயே வேறு. புல்லின் வளரும் முனை நிலத்தோடு ஒட்டி அடியில் இருக்கிறது, இலை அடியிலிருந்து மேலே தள்ளப்பட்டு வளர்கிறது. கீரையின் வளரும் முனை உச்சியில் இருக்கிறது. புல்லுக்கு நார் நாராக வேர், கீரைக்கு ஓர் ஆணிவேர். புல் ஆண்டுக்கணக்கில் நிற்கும், மெலிந்த மண்ணிலும் சமாளிக்கும். கீரைக்கு ஆயுள் சில கிழமைகள்தான், அதற்குள் இலை கொழுக்க வேண்டுமென்றால் மண்ணில் சத்து இருந்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே வரும் அறிகுறிகளைப் பாருங்கள். உங்கள் பாத்தியில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது

மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி: இது இரண்டிலும் தெரிகிறதா, ஒன்றில் மட்டுமா?

புல்லிலும் கீரையிலும் ஒரே காலத்தில் கோளாறு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவானது. தண்ணீர், உப்பு, காற்று, வெள்ளம், மண் இப்படி ஏதோ ஒன்று. ஒன்றில் மட்டும் தெரிந்தால் அந்தச் செடிக்கே உரிய பூச்சி, நோய், சத்துக் குறைவு, அல்லது களைநாசினி. புல்லைத் தாக்கும் நோய்களும் கீரையைத் தாக்கும் நோய்களும் அநேகமாக வெவ்வேறு. அதனால் ஒன்று நோயில் கிடக்கும்போது மற்றது செழிப்பாக நிற்பதே உங்களுக்கு நல்ல சாட்சி. தனிக் கீரைப் பாத்தி வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை. நான் இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் எழுவான்கரையில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலையிடி. கல்லடி, ஆரையம்பதி, களுதாவளை, கல்முனை, தம்பிலுவில், எந்த ஊராக இருந்தாலும் கடலுக்கு அண்டிய மணல் மண்ணில் இந்தக் கருகல் வரும். காரணங்கள் மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை.

கருகியது எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகி மறுபக்கம் நன்றாக இருந்தால் அது காற்றோடு வந்த உப்பு. இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவி விடுங்கள், அந்தப் பக்கம் கிடுகினால் ஒரு மறைப்புக் கட்டுங்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

எரு போட்டு இரண்டு மூன்று நாளுக்குள், அதுவும் எரு விழுந்த இடத்துக்குப் பக்கத்துச் செடிகள் மட்டும் கருகினால் காரணம் அந்த எருதான். யூரியாக் குருணையும் மக்காத கோழியெருவும் மணல் மண்ணில் இதைச் செய்யும். மணலுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு, போட்டது முழுவதும் வேரில் ஒரேயடியாகப் படுகிறது. நன்றாகத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கீழே இறக்குங்கள். அடுத்த முறை கோழியெருவை மாதக்கணக்கில் மக்கவிட்டுப் பாவியுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. பாத்தி முழுக்க, கீரையில் கீழ் இலைகளின் ஓரத்திலும் புல்லில் நுனியிலும் ஒரே காலத்தில் கருகல் வந்து, கச்சான் என்னும் தென்மேற்குச் சுடுகாற்று வீசும் மாதங்களில் அது கூடிக்கொண்டே போனால், கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மணல் திட்டின் அடியில் நன்னீர் தனியாக நிற்பதில்லை. உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்பு நீருக்கு அடர்த்தி கொஞ்சம் கூட, அதனால் இரண்டும் உடனே கலந்துவிடாமல் ஒன்றின்மேல் ஒன்று நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டரைப் போட்டு நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலே, கீழே இருக்கும் உப்பு நீர் அதைவிடப் பல மடங்கு மேலே ஏறி வரப் பார்க்கும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நம் கரையோரக் கிணறுகள் உப்பாகிக் கிடந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். திரும்பத் திரும்ப இறைத்துக் கழுவினால் சரியாகிவிடும் என்று நினைத்த இடங்களில் கீழிருந்த உப்பு மேலே வந்தது. அவற்றை மெல்ல மெல்லத் திருப்பித் தந்தது மாரி மழைதான்.

ஆகவே தோட்டத்துக்கு இறைப்பவர்கள் வெயில் காலத்தில் ஒரே மூச்சில் மோட்டரை ஓடவிடாமல், காலையில் கொஞ்சம், பின்நேரம் கொஞ்சம் என்று பிரித்து இறைக்க வேண்டும். குழாயின் வாய் கிணற்றின் அடியில் கிடந்தால் மேலே தூக்கிக் கட்டுங்கள். ஒரு சின்னப் பாத்திக்கு வாளியால் மேல்தண்ணீரை அள்ளி ஊற்றுவது இன்னும் நல்லது. தண்ணீரில் உப்புக் கூடினால் மின்கடத்துதிறனும் கூடும், அதைப் பார்க்கும் சிறு கருவி யாரிடமாவது இருந்தால் வாங்கி அளந்து பாருங்கள். சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமன்சுக்குக் கீழே என்றால் பாசனத்துக்குத் தடையே இல்லை. 700 முதல் 3000 வரை பார்த்துப் பக்குவமாகப் பாவிக்க வேண்டிய தண்ணீர். 3000-ஐத் தாண்டினால் கீரைப் பாத்திக்கு அதை ஊற்றாதீர்கள்.

தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள், இலையில் காயும் துளி உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். மண் முழுக்கக் காயவும் விடக்கூடாது, ஈரம் குறையக் குறைய மண்ணில் இருக்கும் உப்பின் செறிவு கூடும். வைக்கோலை இரண்டு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். குழாய்நீரோ சேமித்த மழைநீரோ கிடைக்கும் நாளில் ஒரு தடவை தாராளமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்கிவிடுங்கள். இந்த நிலையில் இரசாயன எரு வேண்டவே வேண்டாம், அதுவும் உப்புத்தான்.

மஞ்சளாகிறது

இதில்தான் அதிகம் பேர் புல்லுக்கும் கீரைக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறார்கள்.

கீரையில் கீழே உள்ள பழைய இலைகள் வெளிறி மஞ்சளாகி, மேலே உள்ளவை சிறுத்துப் போனால் நைதரசன் குறைவு. செடி பழைய இலையிலிருந்து நைதரசனை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுப்பதால் மஞ்சள் கீழிருந்து தொடங்கும். மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ போதும். அவசரம் என்றால் 10 லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி யூரியாவைக் கரைத்து, ஈரமான மண்ணில், இலையில் படாமல் ஊற்றுங்கள். பிடுங்குவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது நிறுத்திவிடுங்கள், கடைசி நேரத்தில் போட்ட நைதரசன் இலையில் நைத்திரேற்றாகத் தங்கும்.

புல்லில் அடி இலைகள் காய்ந்து பழுப்பாவது வயதின் குணம். அதற்கு யூரியா போட்டால் இலை நீண்டு தளர்ந்து தரையில் சரியும், கதிர் குறையும். காய்ந்ததைக் கையால் உருவிப் போடுங்கள், அவ்வளவுதான். உருவும்போது கையுறை போடுங்கள், இலையின் விளிம்பு வெட்டும்.

புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாகத் தெரிந்தால் கதை வேறு. அது இரும்புச் சத்தின் குறைவு. கீரையில் அது வலைபோட்டுத் தெரியும். புல்லில் நரம்புகள் நீளவாக்கில் ஓடுவதால் கோடு கோடாகத் தெரியும். வரிபோட்ட புதுவகைப் புல் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். கரையோர மணலில் சிப்பித் துண்டுகள் கலந்து கிடக்கின்றன, அந்தச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும், காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஒரு சிரட்டையில் பாத்தி மண்ணைக் காயவைத்து எடுத்து, அதன்மேல் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்து காதுக்குப் பக்கத்தில் வைத்தால் பொறுபொறுவென்று சத்தம் கேட்டால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அந்த மண்ணில் அடுப்புச் சாம்பலைக் கொட்டுவதை நிறுத்துங்கள். சாம்பல் காரத்தை இன்னும் கூட்டும். கூட்டெருவைத் தாராளமாகக் கலந்துகொண்டே வந்தால் சில போகங்களில் மண் திருந்தும்.

இன்னொன்று. வைக்கோலை மேலே மூடாக்காகப் போடுவது நல்லது என்றேன், மண்ணோடு கலந்து கொத்திவிடுவது நல்லதல்ல. வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் நைதரசனை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும், கீரை மஞ்சளாகப் போகும்.

கீரை முறுகி வளைகிறது, புல்லுக்கு ஒன்றுமில்லை

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்து வயலோர வளவுகளிலும் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரும்போகத்தில் நெல் விதைத்துச் சில கிழமைகளில் களைக்கு மருந்தடிப்பார்கள். அதில் எம்சிபிஏ போன்ற அகன்ற இலைக் களைகொல்லிகள் உண்டு. நெல்லும் புல்லினம்தான், அதனால் அந்த மருந்து நெல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் தாக்கும். காற்றில் மிதந்து வரும் சாரல் உங்கள் பாத்தியில் விழுந்தாலும் அதே கதைதான். கீரையின் தண்டு வளைந்து முறுகும், புது இலை ஒடுங்கி நீண்டு கோணலாக வரும், தண்டு சில இடங்களில் வெடிக்கும். பக்கத்தில் பவுண்டன் புல் எதுவும் நடக்காததுபோல் நிற்கும். இவ்வளவு தெளிவான சாட்சி வேறு எங்கும் கிடைக்காது. தலைகீழாக, புல் மட்டும் நடுக்குருத்து அழுகிச் சிவந்து சாக, கீரை நன்றாக நின்றால் புல்லினக் களைகொல்லி பட்டிருக்கலாம்.

அழுக்கணவன் பூச்சியும் கீரையைச் சுருட்டும் என்பதால் ஒரு சோதனை செய்யுங்கள். சுருண்ட இலையை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். கூட்டமாகப் பூச்சி ஒட்டிக்கொண்டு, எறும்பும் ஓடித் திரிந்தால் அது அழுக்கணவன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், குறையாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலந்து பின்நேரம் அடியுங்கள். இலையின் அடி சுத்தமாக இருந்தும் முறுகியிருந்தால் களைகொல்லியே காரணம்.

அப்படிப் பட்ட கீரையைச் சமைக்க வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம், கூட்டெருக் குழியிலும் சேர்க்க வேண்டாம். பிடுங்கிப் புதைத்துவிட்டு வேறு இடத்தில் விதையுங்கள். வயல்காரரிடம் பேசுவதும் அவசியம். சண்டைக்குப் போகாமல், “அண்ண, காத்து எழும்ப முன்னம் வெள்ளன அடிச்சிட்டா எங்கட பாத்திக்கு வராது” என்று முன்கூட்டியே சொன்னால் கேட்பார்கள். வயலுக்குப் பாவித்த மருந்து டாங்கியை இரவல் வாங்கி வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் குழாயிலும் மூக்கிலும் மிச்சம் நிற்கும், கீரைக்கு அந்த மிச்சமே போதும். தோட்டத்துக்கென்று ஒரு சின்னத் தெளிகருவி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகலில் வாடுகிறது

கீரை தலை தொங்கும், புல்லின் இலை நீளவாக்கில் குழலாகச் சுருளும். புல்லின் மேற்தோலில் வரிசையாகப் பெரிய கலங்கள் சில உண்டு. தண்ணீர் குறைந்தால் அவை சுருங்கி இலையை மடக்கிவிடும், வெயில் படும் பரப்பு குறையும். இரண்டும் பின்நேரம் நிமிர்ந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் அப்படியே கிடந்தால்தான் பார்க்க வேண்டும்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். தண்ணீர் விட்டும் உள்ளே காய்ந்திருந்தால், மணல் தண்ணீரை ஏற்காமல் விலக்குகிறது. கச்சான் வெயிலில் நெடுநாள் காய்ந்த மணலுக்கு இந்தக் குணம் வரும். மேலே நனைந்து காட்டும், தோண்டினால் உள்ளே புழுதி. ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் காத்திருந்து மறுபடி ஊற்றுங்கள். தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்தால் இது மெல்லக் குறையும்.

ஈரம் இருந்தும் கீரை மட்டும் வாடினால் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள், வேரே தடித்துப்போன வீக்கங்கள் இருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு. மணல் மண் அதற்கு வெகு வசதி. அந்தப் பாத்தியில் கீரையும் கத்தரியும் வெண்டியும் மாறி மாறி வைத்துக்கொண்டிருந்தால் அது பெருகத்தான் செய்யும். மருந்தைத் தேடுவதைவிட நம் வெயிலைப் பாவியுங்கள். ஜூன், ஜூலையில் பாத்தியைக் கொத்தி நனைத்து, கண்ணாடி நிறப் பொலித்தீனால் இறுக்க மூடி, ஓரத்துக்கு மண் அணைத்து, நாலு முதல் ஆறு கிழமை விடுங்கள். மேல்மண் சூடேறிப் புழுவும் களை விதையும் பெரும்பாலும் செத்துப்போகும்.

புல் மட்டும் வாடினால் புதரை ஆட்டிப் பாருங்கள். கையோடு வந்தால் கறையான். அடியில் குவிந்த சருகை அகற்றுங்கள், கறையானுக்கு வீடு அதுதான்.

மாரியில் இரண்டும் வாடினால் வேர் மூச்சுவிட முடியாமல் தவிக்கிறது. நமக்கு ஆண்டு மழையில் பெரும் பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கும். ஒரு அடி உயர்த்திய பாத்தி இல்லாமல் அந்த மாதங்களில் கீரை விதைப்பது வீண். புல் சாடியில் இருந்தால் அடித் துவாரம் அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.

இலையில் ஓட்டை

கீரை இலைகள் இரண்டு மூன்று சேர்ந்து மெல்லிய நூலால் ஒட்டப்பட்டு, உள்ளே பச்சைப் புழு இருந்து இலையை நரம்பு மட்டும் மிச்சமாகத் தின்றிருந்தால் இலைபிணைக்கும் புழு. அதன் தாய் ஒரு சின்னப் பழுப்பு நிற அந்துப்பூச்சி, இறகில் வெள்ளைப் பட்டி இருக்கும். கீரையைத் தட்டினால் தாழப் பறந்து மறுபடி இலைக்கடியில் ஒளியும். ஒட்டிய இலைகளைக் காலையில் பறித்து நசுக்குவதே போதும், புழு உள்ளே இருக்கும்போது மருந்து அதன்மேல் படாது.

நூல் இல்லை, ஓட்டை பெரிது, மண்ணிலும் இலையிலும் பளபளக்கும் சளித்தடம் என்றால் நத்தை. மழை தொடங்கியதும் ஆபிரிக்கப் பெருநத்தை வெளியே வரும். இங்கே புல்லும் கீரையும் சேர்ந்திருப்பதில் ஒரு குறை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடர்ந்த புற்புதரின் அடி பகல் முழுக்க ஈரமும் நிழலுமாக இருக்கும், நத்தை அங்கே தங்கி இரவில் கீரைக்கு வரும். புதருக்குப் பக்கத்துக் கீரையில் சேதம் கூடவும் தூரத்தில் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். புல்லுக்கும் கீரைக்கும் இடையில் மூன்றடி வெறுந்தரை விடுங்கள். இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். மனிதருக்கு மூளையுறையில் நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணிப் புழு நத்தையில் இருக்கலாம். நத்தை ஊர்ந்த பாத்தியின் கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, நன்றாக அவித்துத்தான் சாப்பிட வேண்டும்.

வெள்ளைக் கொப்புளம், செம்மஞ்சள் தூள்

கீரை இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளங்கள், மேலே அதே இடத்தில் வெளிறிய புள்ளி: இது வெண்துரு. புல் இலையில் விரலால் தேய்த்தால் துருநிறத் தூள் ஒட்டினால்: இது புல்லின் துரு நோய். பெயரில் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. புல்லில் துரு வந்ததற்காகக் கீரைக்கு மருந்தடிப்பது பணத்துக்கும் உடம்புக்கும் கேடு. இரண்டுக்கும் வைத்தியம் எளிது. பட்ட இலைகளை வெட்டி அகற்றுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள், தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் விடுங்கள்.

சிவப்பு மங்கிப் பச்சையாகிறது

வெயில் போதவில்லை. இரண்டும் சோளத்தையும் கரும்பையும் போன்ற ஒளித்தொகுப்பு முறை கொண்டவை, நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேரடி வெயில் வேண்டும். கீரை புல்லினம் இல்லாவிட்டாலும் இந்த விடயத்தில் புல்லோடு சேர்ந்துவிட்டது. மாமரத்தடியில் வைத்தால் புல் பச்சையாகும், கீரை நெடுத்து மெலியும். எருவால் இதைத் திருத்த முடியாது, இடத்தை மாற்ற வேண்டும். சிவப்புக்குக் காரணமான சாயம் இரண்டிலும் வேறு வேறு. கீரையில் இருப்பது பீட்ரூட்டில் இருக்கும் வகை, புல்லில் இருப்பது கத்தரிக்காய்த் தோலில் இருக்கும் வகை. ஆனாலும் நிழலில் இரண்டும் மங்கும்.

முளைத்தது கீரையா, புல்லா?

கீரை இரண்டு வித்திலைகளோடு வரும், சிவப்பு வகையில் அவையும் சிவந்தே இருக்கும். ஒற்றை ஊசியிலையாக வருவது புல்லினமோ கோரையோ. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டுங்கள், மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. அதை இழுத்தால் கிழங்கு மண்ணில் நின்றுவிடும், அதனால் மண்வெட்டியால் ஆழமாக எடுங்கள். சிவப்புப் பவுண்டன் புல் பெரும்பாலும் முளைக்கும் விதை தராது. பச்சை இலை வகை அப்படியில்லை, காற்றில் விதை பறந்து கண்ட இடத்திலும் முளைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்தது. வாங்கும்போது சிவப்பையே கேட்டு வாங்குங்கள், ஏற்கெனவே பச்சை இருந்தால் கதிர் உதிரமுன் வெட்டுங்கள்.

விதைத்த கீரை முளைக்கவே இல்லையென்றால் எறும்பு இழுத்துப் போயிருக்கும். கொஞ்சம் குறுணல் அரிசியைப் பாத்தி ஓரத்தில் தூவிவிட்டால் எறும்பு அதோடு மினக்கெடும். முளைத்து இரண்டு இலையில் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்து அடித்தண்டு நீர்கோத்துக் கிடந்தால் நாற்றழுகல். அடர்த்தியாக விதைத்ததும் ஈரம் கூடியதும் காரணம். கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும், கையால் அப்படியே தூவினால் குவியும். காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள்.

கீரை பூத்துவிட்டது, புல் பூக்கவில்லை

புல்லில் கதிருக்காகக் காத்திருக்கிறோம், கீரையில் கதிர் வந்தால் இலை நார்த்துப்போய் முடிந்துவிட்டது. முளைக்கீரை பகல் குறுகினால் பூக்கும் இனம்தான், ஆனால் நம் பகுதியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. ஆகவே இங்கே முந்திப் பூப்பதற்குப் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு, நெருக்கம், அல்லது பிடுங்கப் பிந்தியது காரணம். மூன்று நாலு கிழமையில் பிடுங்கிவிடுங்கள். கொய்து சாப்பிடுவதென்றால் இரண்டு மூன்று கணு விட்டு மேலே கொய்யுங்கள், பக்கக் கிளை வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வந்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும்.

புல் பூக்காததற்கு நிழல் ஒரு காரணம், கீரைக்குப் போட்ட எரு அங்கும் போய்ச் சேருவது இன்னொன்று. இடையில் ஒரு ஓட்டுத் துண்டையோ தகரத்தையோ நிலத்துக்குள் அரையடி இறக்கிப் பதித்தால் எருவும் வேரும் பிரிந்து நிற்கும்.

கட்டாக்காலி மாடு கடித்திருந்தால் புல்லுக்குக் கவலையில்லை, வளரும் முனை அடியில் பத்திரமாக இருக்கிறது, மறுபடி வரும். கீரையில் கணு மிஞ்சியிருந்தால் காத்திருங்கள், இல்லாவிட்டால் கொத்தி மறுபடி விதையுங்கள்.

புல்லின் நடு செத்து, சுற்றிவர மட்டும் பச்சை

நோயல்ல, வயது. புதர் வெளிப்பக்கம் பரவப் பரவ நடு பழசாகிக் காய்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும். மழைக்குச் சற்று முன், செப்டம்பர் கடைசியில், நிலத்திலிருந்து அரையடி விட்டு எல்லாவற்றையும் வெட்டுங்கள். அலவாங்கால் புதரைக் கிளப்பி, மண்வெட்டியால் பிளந்து, நடுவை எறிந்துவிட்டு வேரோடு கூடிய வெளித் துண்டுகளை மட்டும் எடுங்கள். அவற்றைப் பாத்தியின் தென்மேற்குப் பக்கம், கீரையிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் நடுங்கள். மாரி மழையில் வேர் பிடித்துவிடும். அடுத்த மே மாதம் கச்சான் தொடங்கும்போது அந்த வரிசை இடுப்பளவு வளர்ந்து நிற்கும், சுடுகாற்று நேரடியாகக் கீரையில் அடிக்காது, பின்நேர வெயிலும் கொஞ்சம் தணியும். அந்த மாதங்களில் தண்ணீர் விடும் அளவு குறைவதைப் பாத்தி மண்ணில் விரல் விட்டாலே அறிந்துகொள்ளலாம்.